மலையிறக்கத்தில் எஞ்சினே முதல் பிரேக்
வாசகர் கேள்வி – பதில்: டீசல் கேரவன்களுக்கான எஞ்சின் பிரேக், எக்ஸாஸ்ட் பிரேக்

பழைய பஸ் சேஸிஸில் கட்டிய கேரவன் வைத்திருக்கிறோம். தண்ணீர், சாமான்கள், ஆட்கள் எல்லாம் சேர்த்து எடை மேடையில் 10 டன் காட்டியது. ஏர் பிரேக், கையால் மாற்றும் கியர், 6 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின். எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, ஆனால் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அதைப் போட்டாலும் வண்டி பிடிபடுவதாகவே தெரியவில்லை. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. பர்லியாறு வருவதற்குள் லைனிங் வாடை அடிக்கிறது. பெரிய எக்ஸாஸ்ட் பிரேக் மாற்றலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

மாற்ற வேண்டாம். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக்குழாயில் இருக்கும் ஒரு மூடி. அது மூடியதும் வெளியேற முடியாத காற்று பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும், வண்டி பிடிபடும். இருப்பது சரியாக வேலை செய்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அதற்கும் முன்னால், எந்த வேகத்தில் எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். இந்தக் குறை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உயர வித்தியாசம் சுமார் 1,400 மீட்டர். 10 டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 137 மெகா ஜூல். டயர் உருளும் தடையும் காற்றும் அதில் கால் பங்கை எடுத்துக்கொண்டாலும், மிச்சம் 300 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இத்தனை வெப்பமும் ஒன்று எஞ்சின் வழியாகப் புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் வெளியேற வேண்டும், இல்லையென்றால் உங்கள் நான்கு டிரம்களுக்குள் போக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. கால் பிரேக்கால் மட்டும் இறக்கினால் டிரம் சூடாகி விரியும், லைனிங் டிரம்மை எட்ட, காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் ஏர் சேம்பர் தண்டு இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும், அந்தத் தண்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சூட்டில் லைனிங்கின் உரசலும் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் "மிதித்தேன், பிடிக்கவில்லை" என்ற நிலை திடீரென வருகிறது.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கும் ஒரு கணக்கு. 100 மீட்டருக்கு 7 மீட்டர் இறங்கும் சரிவில், 10 டன் வண்டியை மணிக்கு 30 கி.மீ. வேகத்திலேயே பிடித்துவைக்கச் சுமார் 48 கிலோவாட் தடுப்பு வேண்டும். அதே சரிவில் 60 கி.மீ. வேகம் என்றால் காற்றின் உதவியைக் கழித்த பிறகும் ஏறக்குறைய 87 கிலோவாட். இனி எஞ்சின் பக்கம் வருவோம். எக்ஸாஸ்ட் பிரேக் மூடியதும், சிலிண்டர்களின் புகை சேரும் மேனிஃபோல்டில் 3 பார் அழுத்தம் ஏறுகிறது என்று வையுங்கள். 6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது 36 கிலோவாட் தடுப்பு கிடைக்கும். எஞ்சினின் சொந்த உரசலும் அதோடு சேரும். 30 கி.மீ. வேகத்தில் இறங்க இது ஏறத்தாழ போதுமானது. ஆனால் நீங்கள் மேல் கியரில் 1,500 சுற்றில் வந்தால்? சுற்று குறையும்போது மூடிக்கு முன்னால், எஞ்சின் பக்கத்தில், அழுத்தமும் சேராது. அது பாதியாகிவிட்டால் கிடைப்பது வெறும் 11 கிலோவாட். அதே எக்ஸாஸ்ட் பிரேக், அதே எஞ்சின், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "பிடிபடுவதாகவே தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த நிலைக்கு அப்படியே பொருந்துகிறது.

எனவே இறக்கம் தொடங்கும் முன், சமதளத்திலேயே வேகத்தைக் குறைத்து கியரை இறக்கிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். டர்போ எஞ்சின்கள் ஏற்றத்தில் மேல் கியரிலேயே இழுத்துவிடுவதால், இன்று அதைவிட ஒரு கியர் கீழே வைத்து இறங்குவதுதான் சரி. எஞ்சின் முள் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குச் சற்றுக் கீழே, உங்கள் எஞ்சினுக்கு 2,000 முதல் 2,400 வரை, நிற்க வேண்டும். சத்தம் அதிகமாக இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டை மட்டும் தொடவிடாதீர்கள். முள் அதை நெருங்கினால் கால் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, கியரை மேலே மாற்றக் கூடாது. சரிவின் நடுவில் கியரை இறக்க முயன்று நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், வேகம் ஏறியபின் எந்தக் கியரும் விழாது.

இப்படியும் பிடிக்கவில்லை என்றால் இயந்திரத்தைப் பார்க்கலாம். பஸ்ஸாக ஓடியபோது தினமும் திறந்து மூடிய பட்டர்ஃபிளை மூடி, கேரவனான பிறகு மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. கரியும் துருவும் சேர்ந்து அதன் தண்டை இறுக்கிவிடும். கேரவன்களில் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஏர் டேங்க் நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, புகைக்குழாய் ஆறும்வரை காத்திருங்கள். ஒருவர் உள்ளே எக்ஸாஸ்ட் பிரேக்கை இயக்க, இன்னொருவர் வெளியே மூடியின் நெம்புகோலைப் பார்க்க வேண்டும். தரையில் கால் வால்வு உள்ள பழைய அமைப்பில் இது எளிது. மின்சாரத்தில் திறக்கும் காற்று வால்வு (சோலனாய்டு) உள்ளதில் எஞ்சின் ஓடாதபோது அது இயங்காமல் போகலாம். அப்போது ரெகுலேட்டர் வைத்து நேராக சிலிண்டருக்குக் காற்று கொடுங்கள். நெம்புகோல் ஒரு தடுப்பிலிருந்து மறு தடுப்பு வரை சட்டென்று போய், விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். தயங்கினால் சிலிண்டரை இணைக்கும் பின்னைக் கழற்றி நெம்புகோலைக் கையால் அசையுங்கள். லேசாக அசைந்தால் குறை சிலிண்டரிலோ காற்றுக் குழாயிலோ இருக்கிறது. சூட்டில் வெடித்த நைலான் குழாயும், டேங்கிலிருந்து வந்த தண்ணீரில் துருப்பிடித்த சிலிண்டரும் வழக்கமான காரணங்கள். கையால் அசைக்கவே கனமாக இருந்தால் தண்டுதான் இறுகியிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயைத் தண்டின் இரு முனைகளிலும் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் முன்னும் பின்னும் அசைத்து விடுவியுங்கள். சாதாரண கிரீஸ் போடாதீர்கள். புகைச் சூட்டில் அது கரிந்து பிசினாகி, முன்பைவிட மோசமாக இறுக்கும். அதிக வெப்பம் தாங்கும் மசகு மட்டுமே அங்கே நிற்கும்.

மீண்டும் பூட்டும்போது சிலிண்டர் தண்டின் நீளத்தைக் கவனியுங்கள். மூடும்போது மூடித் தடுப்பையும் திறக்கும்போது திறப்புத் தடுப்பையும் அது முழுமையாகத் தொட வேண்டும். பாதி மூடியபடி நின்றால் ஏற்றத்தில் இழுவை குறையும், கரும்புகை வரும், டீசலும் அதிகம் குடிக்கும். மூடியில் சிறு துளையோ ஓர இடைவெளியோ இருந்தால் அடைத்துவிடாதீர்கள், அது அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க வேண்டுமென்றே விடப்பட்டது.

அடுத்தது கசிவு. எஞ்சினுக்கும் மூடிக்கும் நடுவில் எங்கே காற்று தப்பினாலும் அழுத்தம் சேராது. மேனிஃபோல்டு கேஸ்கெட், டர்போ இணைப்பு, குழாய் கிளாம்ப் ஆகிய இடங்களில் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். பிறகு மின்சுற்று: ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்திருக்க வேண்டும், கிளட்ச் மிதிக்காமல் இருக்க வேண்டும், அப்போதுதான் சோலனாய்டுக்கு மின்சாரம் போகும். சோலனாய்டு முனையில் 24 வோல்ட் சோதனை விளக்கு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இடது காலைக் கிளட்ச் பெடலின் மேல் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் அந்த ஒன்றே எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்து வைத்துவிடும். மிகச் சின்னக் காரணம், ஆனால் அடிக்கடி நடப்பது.

சந்தேகம் தீரவில்லை என்றால் அழுத்தத்தையே அளந்துவிடலாம். மூடிக்கு முன்னால், எஞ்சின் பக்கத்தில், அளவுத் துளை இருக்கும், அல்லது ஒன்று போட வேண்டும். அதிலிருந்து சுமார் 1 மீட்டர் செம்புக் குழாயைச் சுருளாக எடுத்து, அதன் பிறகு ரப்பர் ஹோஸ், அதன் முனையில் 0–7 பார் கேஜ். செம்புச் சுருள் இல்லாமல் நேராக ஹோஸ் மாட்டினால் உருகிவிடும். எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லும் சுற்றில் ஓட்டி, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் கசிவு அல்லது மூடாத மூடி. அந்த எண்ணைத் தாண்டி ஏற்ற ஆசைப்பட வேண்டாம், ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறோம்.

எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் எஞ்சின் கெட்டுவிடும் என்கிறார்கள். புகையை அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டாதா?
— வாசகி, மதுரை

டீசல் எஞ்சினுக்கு அது தேவைப்படுவதன் காரணமே, அதற்கு மூச்சு முட்டுவதில்லை என்பதுதான். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று நுழையும் வாசல் மூடிக்கொள்ளும். பிஸ்டன் வெற்றிடத்தை இழுக்கத் திணறும், வண்டி பிடிபடும். டீசலில் அந்த வாசல் திறந்தே இருக்கும். பிஸ்டன் காற்றை அமுக்கச் செலவழிக்கும் சக்தியை, அமுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சம் உரசல் மட்டுமே. எனவே வெளியேறும் வாசலை மூடி, புகைபோக்கும் ஒவ்வொரு ஓட்டத்திலும் பிஸ்டனுக்கு வேலை வைக்கிறோம். அந்த நேரத்தில் டீசல் செல்வதில்லை, உள்ளே இருப்பது காற்றுதான்.

அளவோடு இருக்கும்வரை கெடுதல் இல்லை. அளவைத் தீர்மானிப்பது எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங். மேனிஃபோல்டில் அழுத்தம் மிகுந்தால், மூடியிருக்க வேண்டிய வால்வைப் பின்னாலிருந்து தள்ளித் திறந்துவிடும். அது இருக்கையில் அடித்து அடித்து விழும், மிகவும் மோசமானால் மேலே வரும் பிஸ்டனைத் தொடும். கம்மின்ஸ் 5.9 லிட்டர் 12 வால்வு எஞ்சினுக்கு 60 பி.எஸ்.ஐ., அதாவது 4 பாருக்குச் சற்று மேல், அழுத்தம் தரும் எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டுபவர்கள், முதலில் கடினமான வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றிக்கொள்வது இதனால்தான். ஸ்பிரிங்கைத் தொடாமல் பெரிய மூடி மட்டும் போடுவது எஞ்சினைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

2023-இல் வாங்கிய சிறிய டீசல் வேனைக் கேரவனாக மாற்றியிருக்கிறேன். எடை 4 டன்னுக்கு மேல். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி வருவதற்குள் பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிடுகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்தித் தர ஒரு பட்டறையில் தயாராக இருக்கிறார்கள்.
— வாசகர், திருப்பூர்

வேண்டாம் என்பதே எங்கள் பதில். 2020 ஏப்ரல் 1-க்குப் பின் விற்ற வண்டிகள் பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்டவை. உங்கள் புகைக்குழாயில் கரி வடிகட்டியும், அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்க்கும் சென்ஸார்களும் இருக்கின்றன. நடுவில் குழாயை வெட்டி மூடி வைத்தால் அந்த அளவுகள் குழம்பும், எச்சரிக்கை விளக்கு எரியும், எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். வாரன்டியும் போய்விடும்.

பெடல் மெத்தென்று போவதற்கு வேறு காரணம் இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது எண்ணெய் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, 155. டிஸ்க் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் வந்தால், பெடலை மிதிக்கும்போது குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும் என்பதால் பட்டறையில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். மேல் டப்பாவில் ஊற்றி நிறைப்பது பயன் தராது. நான்கு சக்கரங்களின் நிப்பிளிலிருந்தும் பழையது முழுவதும் வெளியேறும்வரை புது ஆயிலை ஓட்ட வேண்டும். எந்த வகை என்பது அந்த டப்பாவின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மலைப் பயணம் அதிகமென்றால் ஆண்டுதோறும் மாற்றுங்கள். டாட் 5 என்று பெயருள்ள சிலிக்கான் ஆயிலை மட்டும் இதில் கலக்கவே கூடாது.

பிறகு இறங்கும் முறை. வளைவுகளுக்கு இடையே இரண்டாம் கியர். மூன்றாம் கியரை விட இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்கரத்துக்குப் போகும். பெடலில் காலை லேசாக வைத்தபடியே வராதீர்கள், அப்படி வந்தால் டிஸ்க் ஆறவே ஆறாது. உங்களுக்குப் பாதுகாப்பான வேகம் 30 என்றால், முள் 30-ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 22-க்குக் கொண்டுவந்து முழுவதும் விட்டுவிடுங்கள். மீண்டும் 30 வரும்வரை கால் பெடலைத் தொடக் கூடாது. அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத்துக்கு நீண்ட இறக்கப் பாடமாகக் கற்பிப்பதும் இதே முறைதான்.

டயரை அகலமாக்கும் ஆசையில் உயரத்தையும் கூட்டியிருந்தால், அந்த அளவுக்கு எஞ்சினின் பிடியும் குறைந்திருக்கும். கம்பெனி அளவுக்குத் திரும்புங்கள். மேலே 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் இறங்கும் முன் அது நிறைந்திருக்கத் தேவையில்லை. 4 டன் வண்டியில் 200 கிலோ என்பது 5 சதவீதம். வளைவில் சாய்வதையும் அது கூட்டும்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். பழைய மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறோம்: பின்பக்கம் கம்மின்ஸ் டீசல், ஆலிசன் 6 கியர் ஆட்டோமேட்டிக். முந்தைய உரிமையாளர் வெளியிலிருந்து வாங்கிய எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்தியிருக்கிறார். கஹோன் கணவாயில் சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் பிடிக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது.
— வாசகர், சான் பெர்னார்டினோ

ஒரு கணம் பிடிப்பதால் மூடி வேலை செய்கிறது என்று தெரிகிறது. சந்தேகம் கியர்பெட்டியின் மேல்தான். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பது எண்ணெயால் சுழலும் டார்க் கன்வெர்ட்டர். அதன் உள்ளே இருக்கும் லாக்அப் கிளட்ச் பிடித்திருந்தால்தான் சக்கரம் எஞ்சினைச் சுழற்ற முடியும். லாக்அப் விட்டுவிட்டால் எஞ்சின் சுற்று கீழே விழும், பிடிப்பும் போய்விடும். நீங்கள் சொல்லும் கணத்தில் சுற்று முள்ளைப் பாருங்கள். வண்டி வேகம் குறையாமல் முள் மட்டும் சரிந்தால் காரணம் அதுவே.

எக்ஸாஸ்ட் பிரேக் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி ஆலிசன் கியர்பெட்டியின் கணினிக்குப் போக வேண்டும். போனால் அது லாக்அப்பைத் தக்கவைத்து, தானாகக் கீழ்க் கியரை நோக்கி இறங்கும். வெளியிலிருந்து பொருத்தும்போது மூடிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு இந்த ஒயரை விட்டுவிடுவது உண்டு. ஒயர் இருந்தும் கணினியில் அந்த வசதி இயக்கப்படாமல் இருக்கலாம். இரண்டையும் ஆலிசன் சேவை மையத்தில் கணினி மாட்டிப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். எந்தக் கியரை நோக்கி இறங்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை கையால் கீழ்அம்பை அழுத்தி கியரை இறக்குங்கள். எஞ்சின் எல்லை மீறும் என்றால் கணினி அந்தக் கியரைக் கொடுக்காமல் காத்திருக்கும், பட்டன் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். முதலில் கால் பிரேக்கால் வேகத்தைக் குறைத்தால் கியர் விழும். பின்னால் கார் கட்டி இழுப்பவர் என்றால் அந்தக் காருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது மோட்டார் ஹோமின் பின்சக்கரங்களை மட்டுமே.

உங்கள் கணவாய்க்கு இந்தத் துறையில் ஒரு தனி இடம் உண்டு. 1931-இல், கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ், டீசல் லாரியில் கஹோன் கணவாயில் இறங்கியபோது பிரேக் பிடிக்காமல் போய், கீழே தண்டவாளத்தைக் கடந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த அனுபவம் அவரை விடவில்லை. அமுங்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடும் ஏற்பாட்டைப் பின்னாளில் உருவாக்கினார். 1961-இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜேக் பிரேக் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அது எக்ஸாஸ்ட் பிரேக்கைவிட வலுவானது, ஆனால் எஞ்சின் தலைக்குள் இருக்கும் அமைப்பு. உங்கள் எஞ்சினுக்கு அதைப் பின்னால் சேர்ப்பதைவிட, இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆலிசனோடு பேச வைப்பதுதான் செலவிலும் பலனிலும் நல்லது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமா?
— வாசகர், தேனி

ஆகாது. கியரில் வைத்தபடியே ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் முழுவதுமாக நின்றுவிடும், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் எஞ்சின் தானாக ஓட டீசல் எரிக்க வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சுற்று குறைந்தால் கம்ப்ரஸர் மெதுவாகக் காற்றேற்றும், நீங்களோ அடிக்கடி மிதித்துக் காற்றைச் செலவழிப்பீர்கள். கியரில் இறங்கினால் டேங்க் நிறைந்தே இருக்கும்.

மழையில் எக்ஸாஸ்ட் பிரேக் போடலாமா?
— வாசகி, கோத்தகிரி

நல்ல பிடிப்புள்ள தார்ச்சாலையில் மிதமான மழை என்றால் போடலாம். பாசி படர்ந்த வளைவு, சேறு, இலை கொட்டிய இடம், எண்ணெய் மிதக்கும் முதல் மழை ஆகியவற்றில் வேண்டாம். தடுப்பு முழுவதும் பின்சக்கரத்தில் மட்டும் விழுவதால், பின்பக்கம் எடை குறைந்த வண்டியில் அது வழுக்கி வால் வீசும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எக்ஸாஸ்ட் பிரேக்கோடு இணைக்கப்பட்ட வண்டியில், சக்கரம் வழுக்கியதும் அதுவே எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிடும். அது இல்லாத வண்டியில் வளைவுக்குள் நுழையும் முன் நீங்களே சுவிட்சை அணைத்து, கீழ்க் கியரின் பிடியோடு மட்டும் திரும்பி, நேரானதும் மீண்டும் போடுங்கள்.